பழைய டீசல் லாரியைக் கழித்துவிட்டுப் புது வண்டி எடுக்க அரசு உதவி: முழுமையான வழிகாட்டி

பழைய டீசல் லாரியைக் கழித்துவிட்டுப் புகை குறைந்த வண்டிக்கு மாறினால் அரசு உதவி உண்டு என்பது உண்மைதான். ஆனால் பலரும் நினைப்பதுபோல், விண்ணப்பம் போட்டதும் வங்கிக் கணக்கில் வந்து விழுகிற மானியம் அல்ல அது. ஸ்கிராப் விலை, சாலை வரியில் சலுகை, பதிவுக் கட்டண விலக்கு, வண்டி தயாரிக்கும் கம்பெனிக்காரர்கள் தரும் தள்ளுபடி, மின்சார லாரி என்றால் மத்திய அரசின் ஊக்கத்தொகை என்று ஐந்து இடங்களில் பிரிந்து கிடக்கிறது. இதில் ஸ்கிராப் விலையைத் தவிர மற்ற எதுவும் ரொக்கமாகக் கைக்கு வராது. நீங்கள் கட்டவேண்டிய தொகையில் கழியும், அவ்வளவுதான்.

ஐந்துக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு காகிதம். பழைய வண்டியை அரசு அனுமதி பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்ததற்கான வைப்புச் சான்றிதழ். தொழிலில் இருப்பவர்கள் சி.டி. என்கிறார்கள். வண்டியைக் காயலான் கடையில் கொடுத்துவிட்டுப் பிறகு சலுகை கேட்டுப் போனால் எந்தக் கவுன்டரிலும் ஒன்றும் நடக்காது. அதனால் இங்கே எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசையைத்தான் அழுத்திச் சொல்லப்போகிறேன். வரிசை தப்பினால் நஷ்டம் ஆயிரக்கணக்கில் இல்லை, லட்சக்கணக்கில்.

லாரி என்று எழுதினாலும், மின்சார லாரி பற்றிய பகுதியைத் தவிர மற்றதெல்லாம் மினி லாரி, பேருந்து, பள்ளி வேன் என எல்லா டீசல் வணிக வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

அரசு ஏன் இதில் பணம் போடுகிறது?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது நாள் முழுக்க வண்டியோடு இருக்கும் டிரைவரும் கிளீனரும்தான்.

பழைய வண்டிக்கும் புது வண்டிக்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. கனரக இன்ஜின் ஒரு கிலோவாட் மணி அளவு வேலை செய்யும்போது எவ்வளவு நைட்ரஜன் ஆக்சைடு விடலாம் என்று விதி இருக்கிறது. பாரத் ஸ்டேஜ் எனும் புகை விதியின் மூன்றாம் கட்டமான பி.எஸ்.-3 வண்டிக்கு 5 கிராம், பி.எஸ்.-4க்கு 3.5 கிராம், 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க வந்த பி.எஸ்.-6க்கு 0.4 கிராம். கரித்துகளுக்கு அதே வரிசையில் 0.10, 0.02, 0.01 கிராம். சோதனை முறை இடையில் மாறியிருக்கிறது, அதனால் எண்களை அப்படியே வகுத்துப் பார்க்க முடியாது. ஆனாலும் எந்தப் பக்கம் போகிறது என்பது தெளிவு. பி.எஸ்.-3க்கு முந்தைய வண்டிகளுக்கு இதைவிடத் தளர்வான வரம்புதான் இருந்தது.

இப்போது பங்க்கில் கிடைப்பது கந்தகம் 10 பி.பி.எம். அளவே உள்ள டீசல். அதைப் பழைய லாரியில் ஊற்றினால் புகை கொஞ்சம் குறையலாம், வண்டி பி.எஸ்.-6 ஆகிவிடாது. கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி, ஆட்-ப்ளூ திரவத்தால் நைட்ரஜன் ஆக்சைடை முறிக்கும் அமைப்பு, இரண்டையும் இயக்கும் சென்சார்கள் எல்லாம் சேர்ந்துதான் அந்த அளவைக் கொண்டுவருகின்றன. அமெரிக்காவில் 2005இல் வந்த டீசல் புகைக் குறைப்புச் சட்டத்தின்கீழ், பழைய இன்ஜினில் வடிகட்டி பொருத்தவும் அரசுப் பணம் கிடைக்கும். நம் நாட்டுத் திட்டங்கள் வண்டியையே மாற்றுவதைத்தான் குறிவைக்கின்றன. ஆகவே பழைய வண்டியை வைத்துக்கொண்டே உதவி பெறும் வழி தேடி அலையாதீர்கள். வண்டியை சி.என்.ஜி. எரிவாயுவில் ஓடும்படி மாற்ற 2022இல் வந்த விதிகூட 3.5 டன்னுக்குக் குறைவான பி.எஸ்.-6 வண்டிகளுக்குத்தான். அதுவும் அனுமதிதான், மானியம் இல்லை.

முதல் படி: வண்டியைக் கழிப்பதா, ஓட்டுவதா?

15 வருடம் ஆனால் லாரியை உடைத்தே ஆகவேண்டும் என்றொரு பேச்சு இருக்கிறது. அந்தக் கட்டாயம் அரசு வண்டிகளுக்குத்தான். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. தனியார் லாரிக்குப் பொதுவாக வயது வரம்பு இல்லை, எஃப்.சி. எனும் தகுதிச் சோதனையில் தேறினால் ஓட்டலாம். தானியங்கிச் சோதனை நிலையத்தில் தேறாமல் போய், மறுசோதனையிலும் தேறாவிட்டால் ஆயுள் முடிந்த வண்டி என்ற கணக்கில் சேரும். எஃப்.சி. நன்றாக இருக்கும் வண்டியையும் உரிமையாளர் தாமாக முன்வந்து கழிக்கலாம், சான்றிதழ் பெறலாம். பலருக்கும் இது தெரிவதில்லை.

தில்லிப் பக்கம் நடை, அதாவது லோடு ஏற்றிப் போகிறவர்கள் மட்டும் தனியாக யோசிக்கவேண்டும். தில்லிக்கு வெளியே பதிவான பி.எஸ்.-3 மற்றும் அதற்குக் கீழான சரக்கு வண்டிகள் 2025 நவம்பர் 1 முதல் அங்கே நுழைய முடியாது. தமிழ்நாட்டு நேஷனல் பர்மிட் லாரிக்கும் இதே நிலைதான்.

மற்றவர்கள் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். வண்டிக்கு 8 வயது தாண்டிவிட்டால் எஃப்.சி. வருடா வருடம். 15 வருடம் தாண்டிய கனரக வண்டிக்கான எஃப்.சி. கட்டணம் 2021 அக்டோபர் அறிவிப்பில் 12,500 ரூபாய் ஆனது. 2025 நவம்பர் அறிவிப்பில் 20 வருடம் தாண்டிய கனரக வண்டிக்கு 25,000 ரூபாய். எஃப்.சி.க்கு முன் பட்டறையில் ஆகும் பெயின்ட், பாடி, பிரேக் செலவைச் சேருங்கள். அந்த நாட்களில் ஓடாத நடையின் வருமானத்தையும் சேருங்கள், அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் பழைய வண்டி எப்போதுமே லாபமாகத்தான் தெரியும். அடுத்த மூன்று வருடத்துக்கு இது எவ்வளவு ஆகிறது, புது வண்டியின் மாதத் தவணை எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன். வண்டி நல்ல நிலையில் இருந்து, அதை ஓட்டுகிற விலைக்கே எடுத்துக்கொள்ள ஆள் இருந்தால், ஸ்கிராப் சலுகை மொத்தமும் சேர்ந்தாலும் அந்த விலையைத் தொடாது. ஆயுளின் கடைசிக்கு வந்துவிட்ட வண்டிக்குத்தான் இந்தத் திட்டம் லாபம்.

இரண்டாம் படி: காகிதங்களைச் சுத்தம் செய்வது

நாள் அதிகமாக இழுப்பது இந்த இடம்தான். ஸ்கிராப் மையம் வண்டியை ஏற்கும் முன், அது திருட்டு வண்டியா என்று தேசியக் குற்ற ஆவணப் பதிவிலும் உள்ளூர்ப் போலீஸ் பதிவிலும் பார்க்கும். கடன் பாக்கி, வழக்கு, வரி நிலுவை, கருப்புப் பட்டியல் எதுவும் இருக்கக்கூடாது. ஒன்று நின்றாலும் சான்றிதழ் நிற்கும்.

ஆர்.சி.யை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். முதலில் ஹைப்பாதிகேஷன் (எச்.பி.), அதாவது வண்டிமேல் கடன் இருப்பதைக் காட்டும் வரி. டியூ முடிந்து பல வருடம் ஆகியிருக்கும், கடன் தீர்ந்தது என்று பைனான்ஸ்காரர் கொடுத்த என்.ஓ.சி. கடிதம் பீரோவில் கிடக்கும், ஆனால் ஆர்.டி.ஓ. பதிவில் அவர் பெயர் அப்படியே இருக்கும். லாரித் தொழிலில் இது மிகச் சாதாரணம். படிவம் 35, என்.ஓ.சி., ஆர்.சி. மூன்றையும் வைத்து எச்.பி. கேன்சல் செய்தாகவேண்டும். அந்த பைனான்ஸ் கம்பெனி வேறொன்றோடு இணைந்துவிட்டது, மூடிவிட்டது என்றால் காகிதம் வாங்கவே நாளாகும். ஆகவே முதல் வேலையாக இதை ஆரம்பியுங்கள்.

அடுத்து உரிமையாளர் பெயர். ஆர்.சி. அப்பா பெயரில் இருக்கும், அவர் காலமாகியிருப்பார், பிள்ளைகள் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றும் வேண்டும். அண்ணன் தம்பி, அம்மா, அக்கா தங்கை என்று வாரிசுகள் பலர் இருந்தால் எல்லோருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். சான்றிதழ் யார் பெயரில் வரும் என்பதை வீட்டுக்குள் முதலிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது. அதற்கு ஒரு விலை இருக்கிறது, அது வந்தபிறகு பேச ஆரம்பித்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

அப்புறம் சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர். சேஸிஸில் பொறித்த எண் மண்ணும் துருவும் ஏறி மறைந்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சாக்பீஸ் பூசி, ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இன்ஜின் எப்போதோ மாற்றப்பட்டு, அதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். மையத்தின் வாசலில் வைத்து இது தெரியவந்தால் வண்டியைத் திரும்ப இழுத்துக்கொண்டுதான் வரவேண்டும்.

காலாண்டு வரி, இ-சலான் நிலுவை இரண்டையும் மத்திய அரசின் பரிவாகன் இணையத்தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். வேறு மாநிலத்தில் போட்ட சலானும் இருக்கும், விடாமல் பாருங்கள்.

மூன்றாம் படி: ஸ்கிராப் மையத்தைத் தேர்ந்தெடுப்பது

பெயர்ப் பலகையில் ஸ்கிராப் என்று எழுதியிருப்பதெல்லாம் அனுமதி பெற்ற மையம் ஆகிவிடாது. 2021 செப்டம்பரில் வந்த வாகன ஸ்கிராப் மைய விதிகளின்கீழ் பதிவு பெற்றிருக்கவேண்டும். பரிவாகன் தளத்தின் வி-ஸ்கிராப் பகுதியில் மாநில வாரியாகப் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லாத இடத்தில் வண்டியை விடாதீர்கள். வண்டி பதிவான மாநிலத்திலேயே கழிக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எல்லையோரத்தில் இருப்பவர்கள் பக்கத்து மாநில மையத்தின் விலையையும் கேட்டுப் பார்க்கலாம்.

குறைந்தது இரண்டு மூன்று மையங்களில் விலை கேளுங்கள். புது வண்டியின் எக்ஸ்-ஷோரூம் விலையில் (சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை) 4 முதல் 6 சதவீதம் வரை ஸ்கிராப் விலை கிடைக்கலாம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சொல்லியிருந்தது. அது மதிப்பீடுதான், நிர்ணய விலை இல்லை. உண்மையில் இரும்பு அன்று என்ன விலைக்குப் போகிறது, வண்டியின் வெற்று எடை எவ்வளவு, டயரும் பேட்டரியும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் பேச்சு நடக்கும். இழுத்துவரும் செலவு யாருடையது என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தந்திரம் பற்றி எச்சரிக்கவேண்டும். "நாங்கள் இன்னும் 20,000 சேர்த்துத் தருகிறோம், சி.டி.யை எங்களிடமே விட்டுவிடுங்கள்" என்று சில இடைத்தரகர்கள் கேட்பார்கள். புது வண்டி எடுக்கும் எண்ணமே இல்லாதவருக்கு அது நல்ல விலையாகவும் இருக்கலாம். புது வண்டி எடுக்கப்போகிறவருக்கு நிச்சயம் நஷ்டம். அதனால் இரும்புக்கு என்ன விலை, சான்றிதழுக்கு என்ன விலை என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்பவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

நான்காம் படி: ஒப்படைக்கும் முன் புது வண்டியைப் பேசி முடிப்பது

பழைய வண்டியைக் கொடுத்த நாளிலிருந்து புது வண்டி கைக்கு வரும் நாள் வரை வருமானம் இல்லை. ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு இது பெரிய அடி. எனவே டீலரிடம் கொட்டேஷன், டெலிவரி தேதி, பைனான்ஸ் அனுமதிக் கடிதம் மூன்றும் கைக்கு வந்தபிறகே பழைய வண்டியை மையத்தில் விடுங்கள். பாடி கட்டவேண்டிய வண்டி என்றால் பாடி பட்டறையில் ஆகும் நாட்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். புது வண்டியைப் பதிவு செய்யும் நேரத்தில் சான்றிதழ் கையில் இருந்தால் போதும், முன்பதிவு செய்யும்போதே இருக்கவேண்டும் என்ற அவசியம் இல்லை.

டீலரிடம் பேசும்போது ஒரு விஷயம். 2024 ஆகஸ்டில், வணிக வண்டித் தயாரிப்பாளர்கள் ஸ்கிராப் சான்றிதழுக்குத் தள்ளுபடி தர அமைச்சகத்திடம் ஒப்புக்கொண்டார்கள். 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டியைக் கழித்திருந்தால் எக்ஸ்-ஷோரூம் விலையில் 3 சதவீதம், அதற்குக் கீழ் என்றால் 1.5 சதவீதம். 30 லட்ச ரூபாய் வண்டிக்கு 3 சதவீதம் என்பது 90,000 ரூபாய். வணிக வண்டிகளுக்கு இரண்டு வருடத்துக்கு என்று சொல்லப்பட்ட ஏற்பாடு இது. கம்பெனிகள் தாமாக முன்வந்து தருவது, சட்டக் கட்டாயம் இல்லை. நீங்கள் எடுக்கும் மாடலுக்கு இன்றைக்கு நடப்பில் இருக்கிறதா, எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சான்றிதழ் வரப்போகிறது என்பதை முதல் பேச்சிலேயே சொல்லவேண்டாம் என்பது என் கருத்து. வழக்கமான தள்ளுபடி எவ்வளவு என்று பேசி முடித்து, கொட்டேஷனை எழுதி வாங்கிய பிறகு சி.டி. பேச்சை எடுங்கள். இல்லையென்றால் எல்லோருக்கும் கொடுக்கும் தள்ளுபடியையே ஸ்கிராப் தள்ளுபடி என்று பெயர் மாற்றிக் காட்டிவிட வழி இருக்கிறது. கொட்டேஷனில் எக்ஸ்-ஷோரூம் விலை ஒரு வரி, டீலர் தள்ளுபடி ஒரு வரி, ஸ்கிராப் தள்ளுபடி ஒரு வரி, அப்புறம் இன்சூரன்ஸ், வரி என்று தனித்தனியாக இருக்கவேண்டும். ஒரே வரியில் மொத்தத் தள்ளுபடி என்று போட்டிருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: வண்டியை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்குவது

வி-ஸ்கிராப்பில் விண்ணப்பித்து, மையத்தைத் தேர்ந்தெடுத்து, வண்டியைக் கொண்டுபோங்கள். அசல் ஆர்.சி., ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் தேவைப்படும். கம்பெனி பெயரில் உள்ள வண்டி என்றால், கையெழுத்துப் போடுபவருக்கு அதிகாரம் கொடுக்கும் கடிதமும் வேண்டும். பணம் வங்கிக் கணக்குக்கு வரட்டும், ரொக்கம் வேண்டாம்.

போகும்முன் ஃபாஸ்டேக், ஜி.பி.எஸ். கருவி, ஜாக்கி, தார்ப்பாய், கயிறு, சாமான் பெட்டி என்று உங்களுடையதை எல்லாம் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். டயரையும் கழற்றினால் விலை குறையும், அதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

சரிபார்ப்பு முடிந்ததும் வைப்புச் சான்றிதழ் மின்னணு முறையில் வரும். வண்டியை உடைத்து முடித்தபிறகு, உடைத்தாகிவிட்டது என்பதற்கான ஸ்கிராப் சான்றிதழ் தனியாக வரும். சலுகைகளுக்கு முதலாவது போதும். ஆனால் உங்கள் பாதுகாப்புக்கு இரண்டாவதும் முக்கியம், அதைக் கேட்டு வாங்காமல் விடாதீர்கள். சேஸிஸ் எண் பொறித்த துண்டை மட்டும் தனியே வெட்டி எடுத்து, 6 மாதம் மையம் பத்திரமாக வைத்திருக்கவேண்டும் என்பது விதி. அந்த எண் வேறொரு வண்டியில் ஏறிவிடக்கூடாது என்பதற்காக.

காயலான் கடையில் போடுவதில் உள்ள ஆபத்தும் இதுதான். அங்கே எடைக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கலாம். ஆனால் அரசின் 'வாகன்' கணினிப் பதிவில் வண்டி உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும். காலாண்டு வரி ஏறிக்கொண்டே போகும். உங்கள் சேஸிஸ் எண்ணோடு ஏதாவது ஒரு வண்டி எங்காவது மாட்டினால் போலீஸ் உங்களைத்தான் தேடிவரும். 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள ஆயுள் முடிந்த வாகன விதிகளின்படி, ஆயுள் முடிந்த வண்டியை 180 நாளுக்குள் முறையான இடத்தில் ஒப்படைப்பது உரிமையாளரின் பொறுப்பும்கூட.

ஆறாம் படி: வரி, பதிவுக் கட்டணம்

புது வண்டியைப் பதிவு செய்யும்போது சான்றிதழ் எண்ணைக் கொடுத்தால் பதிவுச் சான்றிதழ் கட்டணம் விலக்கு. தொகை சிறியது, கேட்டால் கிடைக்கும்.

பெரியது சாலை வரிச் சலுகை. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மத்திய விதியின்படி வணிக வண்டிக்கு வரியில் 15 சதவீதம் வரை, 8 வருடம் வரை சலுகை தரலாம். சொந்த உபயோக வண்டிக்கு 25 சதவீதம் வரை, 15 வருடம் வரை. 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். இது உச்சவரம்பு. உண்மையில் எவ்வளவு என்பதை அந்தந்த மாநில அரசு தன் அறிவிப்பில் சொல்லும். உங்கள் வண்டி பதிவாகும் மாநிலத்தில் வணிக வண்டிக்கு என்ன அளவு, எத்தனை வருடம், கழித்த வண்டியும் அதே மாநிலப் பதிவாக இருக்கவேண்டுமா என்ற மூன்று கேள்விகளை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, அரசாணை எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள்.

காலாண்டுக்கு ஒருமுறை வரி கட்டுபவர்கள் முதல் தடவை சலுகை வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. ஒவ்வொரு தடவையும் கட்டும் முன் தொகையைப் பாருங்கள். கணினியில் சலுகை விடுபட்டு முழு வரி காட்டினால், கட்டிவிட்டுத் திரும்பக் கேட்பதைவிடக் கட்டுவதற்கு முன் மனு கொடுப்பது எளிது.

புது வண்டி எடுக்கவில்லையா? சான்றிதழ் வீணாகாது, மின்னணு முறையில் இன்னொருவருக்கு விற்கலாம். வாங்கியவர் அதைத் தன் புது வண்டிக்குப் பயன்படுத்தலாம். ஒருமுறை பயன்படுத்தியதும் அது கணினியில் முடிந்துவிடும். அதனால் முறையாகப் பெயர் மாற்றாமல் நகலை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி யாருக்கும் 'உதவி' செய்யாதீர்கள். செல்லுபடிக் காலம் அதிலேயே குறிப்பிட்டிருக்கும், தேதியைப் பாருங்கள். அப்பா பெயரில் சான்றிதழ், கம்பெனி பெயரில் புது வண்டி என்றாலும் இந்தப் பெயர் மாற்றம் தேவை.

ஏழாம் படி: மின்சார லாரி எடுப்பவர்களுக்கு

நேரடி மானியம் என்று சொல்லத்தக்கது இந்த ஒன்றுதான். 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு 10,900 கோடி ரூபாய். அதில் மின்சார லாரிகளுக்கு 500 கோடி. இதற்கான வழிகாட்டு நெறிகள் 2025 ஜூலையில் வந்தன. சுமார் 5,600 லாரிகளுக்கு உதவி, அதில் தில்லிக்கு மட்டும் 100 கோடியில் சுமார் 1,100 லாரிகள். லாரிகளுக்கான காலம் 2028 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால் முடிந்தது, முதலில் வருபவருக்கே முதலில்.

எந்த வண்டிக்கு? மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல் 12 டன் வரை உள்ள என்2 வகை, 12 டன்னுக்கு மேல் 55 டன் வரை உள்ள என்3 வகை. டிரெய்லர் என்றால் முன்னால் இழுக்கும் வண்டிக்கு மட்டும்தான், பின்னால் வரும் டிரெய்லருக்குக் கிடையாது. மாடல் திட்டத்தின் இணையத்தளத்தில் ஏற்கப்பட்டதாக இருக்கவேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு? பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 5,000 ரூபாய், அல்லது தொழிற்சாலை விலையில் 10 சதவீதம், இதில் எது குறைவோ அது. அதற்கு மேல் எடை வகைக்கு ஏற்ப உச்சவரம்பு உண்டு, சிறிய வகைக்கு 2.7 லட்சம், அதிகபட்சம் 9.6 லட்சம். கணக்குப் புரிவதற்காக ஓர் உதாரணம்: 100 கிலோவாட் மணி பேட்டரி, தொழிற்சாலை விலை 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரிக் கணக்கில் 5 லட்சம், விலைக் கணக்கில் 4 லட்சம். இரண்டில் குறைவானது 4 லட்சம். அந்த எடை வகையின் உச்சவரம்பு இதைவிடக் குறைவு என்றால் உச்சவரம்புதான் கிடைக்கும்.

பழைய லாரியைக் கழித்த சான்றிதழ் இங்கே கட்டாயம். அது இல்லாவிட்டால் ஒரு ரூபாயும் இல்லை. நீங்கள் கழித்த வண்டி இந்த லாரி வகைக்குப் பொருந்துமா, வெளியில் வாங்கிய சான்றிதழை ஏற்பார்களா என்பதை டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தொகை பில்லிலேயே கழியவேண்டும், கம்பெனி பிறகு அரசிடம் வாங்கிக்கொள்ளும். "முழு விலையும் கட்டுங்கள், மானியம் வந்ததும் தருகிறோம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆதார் சரிபார்ப்போடு இ-வவுச்சர் உருவாகும், அதில் வாங்குபவர் கையெழுத்துப் போடவேண்டும். இணைப்பு உங்கள் கைப்பேசிக்கு வரும், அதனால் ஏஜெண்டின் எண்ணைக் கொடுக்காமல் உங்கள் எண்ணையே கொடுங்கள். உத்தரவாதமும் திட்ட விதியிலேயே இருக்கிறது: பேட்டரிக்கு 5 வருடம் அல்லது 5 லட்சம் கிலோமீட்டர், மோட்டாருக்கும் வண்டிக்கும் 5 வருடம் அல்லது 2.5 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. உத்தரவாதச் சீட்டில் இந்த எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இன்னும் இரண்டு லாபம் உண்டு. மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், டீசல் சரக்கு வண்டிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பேட்டரியில் ஓடும் வணிக வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்று 2018 அக்டோபரிலேயே மத்திய அறிவிப்பு வந்துவிட்டது.

இத்தனை இருந்தும் எல்லோரும் மின்சார லாரி எடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் யார்டுக்கு, சிமென்ட் ஆலையிலிருந்து குடோனுக்கு என்று ஒரே வழியில் போய்வந்து, இரவில் ஒரே இடத்தில் நிற்கும் வண்டிக்கு இது நன்றாகப் பொருந்தும். லோடு எங்கே கிடைக்கிறதோ அங்கே போகும் வண்டிக்கு, திரும்பிவர எத்தனை நாளாகும் என்றே தெரியாத நடைக்கு, மானியத்தை நம்பி இறங்கக்கூடாது. அவர்களுக்கு பி.எஸ்.-6 டீசல்தான் இப்போதைக்குச் சரி, அதுவே பழைய வண்டியோடு ஒப்பிட்டால் காற்றுக்குப் பெரிய உதவி. எடுப்பதாக இருந்தால் மானியத்துக்கு முன் சார்ஜிங்கைப் பாருங்கள். உங்கள் யார்டில் உயர் அழுத்த மின் இணைப்பு கிடைக்குமா, எத்தனை மாதத்தில் வரும், டெபாசிட் எவ்வளவு என்று மின்வாரியத்தில் விசாரித்த பிறகுதான் டீலர் கடைக்குப் போகவேண்டும்.

எட்டாம் படி: பழைய வண்டியின் கணக்கை முடிப்பது

ஒப்படைத்த சில நாள் கழித்துப் பரிவாகனில் பழைய எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு ரத்தானதாகக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் சான்றிதழ் நகலோடு ஆர்.டி.ஓ.வுக்கு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

இன்சூரன்ஸில் மாதங்கள் மீதம் இருந்தால் பாலிசியை ரத்து செய்து மீதிப் பிரீமியத்தைத் திரும்பக் கேட்கலாம். ஃபாஸ்டேக் கணக்கை மூடினால் அதில் கிடக்கும் மீதியும் டெபாசிட்டும் வரும். பர்மிட்டை ஒப்படைத்துவிடுங்கள். லாரியைத் தொழில் சொத்தாகக் கணக்கில் காட்டியிருந்தால் ஸ்கிராப் தொகை வந்த ரசீதை ஆடிட்டரிடம் கொடுங்கள், தேய்மானக் கணக்கில் அது கழியவேண்டும்.

வைப்புச் சான்றிதழ், ஸ்கிராப் சான்றிதழ், புது வண்டியின் பில், வரி ரசீதுகள் ஆகியவற்றின் நகலை 8 வருடமும் பத்திரமாக வையுங்கள். வரிச் சலுகை ஓடிக்கொண்டிருக்கும் வரை எந்தக் காலாண்டிலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அவற்றைக் காட்டவேண்டி வரலாம்.